நோயல் பிரவுன் கேட்டது 16 வயது வரை

அயர்லாந்தின் சுகாதார அமைச்சர் அவர்களுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். டப்ளினில் குடியிருந்து இங்கேயே வரி கட்டும் ஒரு தமிழ்த் தாய் எழுதுகிறேன். உங்கள் நாட்டில் பிள்ளைக்கு எட்டு வயது ஆனதும், ஜி.பி. என்னும் குடும்ப டாக்டரைக் காசில்லாமல் பார்க்க உதவும் இலவச ஜி.பி. கார்டு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு வருமான வரம்பு பார்ப்பீர்கள். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகள் பல அதில் தேறாது. பிள்ளைக்குக் காது வலி என்றால் டாக்டருக்குப் போன் போடும் முன்பே ஐம்பது அறுபது யூரோ கண்முன் வந்து நிற்கும். "இன்னும் ஒரு நாள் பார்ப்போம்" என்பதுதான் முதல் வைத்தியம். இந்தப் பிரச்சினையை 1951லேயே முடித்திருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

அன்று சுகாதார அமைச்சராக இருந்தவர் டாக்டர் நோயல் பிரவுன். 1915இல் வாட்டர்ஃபோர்டில் பிறந்தவர். அப்பா காசநோயில் போனார். வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டுப் பிள்ளைகளோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறிய அம்மாவும் சீக்கிரமே அதே நோயில் போய்ச் சேர்ந்தார். டப்ளினின் வசதியான குடும்பம் ஒன்று பணம் கட்டி அவரை டிரினிட்டி கல்லூரியில் மருத்துவம் படிக்க வைத்தது. அங்கே அவரையும் காசநோய் பிடித்தது, பிழைத்துக்கொண்டார். பிறகு விக்லோ மாவட்டத்தின் நியூகாசில் காசநோய் மருத்துவமனையில் வேலை.

1948 பிப்ரவரி 18 அன்று முதல்முறையாக நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். அன்றைக்கே அமைச்சர். வயது 32. குதிரைப் பந்தய லாட்டரியில் ஆஸ்பத்திரிகளுக்கென்று சேர்ந்திருந்த பணத்தின் வட்டியைத் தொட்டுக்கொண்டு காலம் தள்ளாமல், அசலையே எடுத்துச் செலவழித்தார். காசநோயாளிகளுக்குப் படுக்கைகள் பெருகின; எக்ஸ்ரே சோதனையும் பி.சி.ஜி. தடுப்பூசியும் ஊர் ஊராகப் போயின. எல்லாப் புகழும் அவருக்கே என்று சொல்ல மாட்டேன். திட்டத்தில் பாதி அவருக்கு முன்பே துறையின் தலைமை மருத்துவ ஆலோசகர் ஜேம்ஸ் டீனி போட்டு வைத்தது. காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தும் சரியான நேரத்தில் வந்து சேர்ந்தது. ஆனால் போட்ட திட்டத்தைக் காகிதத்தில் தூங்க விடாமல் வேலை வாங்கியவர் அவர்.

அப்புறம் தாய் சேய் திட்டம். கர்ப்பிணிகளுக்கும் தாய்மார்களுக்கும், 16 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச மருத்துவம். வருமானம் எவ்வளவு என்று யாரும் கேட்கக் கூடாது. 1940களில் டப்ளினில் வயிற்றுப்போக்கால் மட்டும் எத்தனையோ கைக்குழந்தைகள் செத்த காலத்தில் இது பேராசையே இல்லை. டாக்டர்கள் சங்கம் எதிர்த்தது. கட்டணம் போய்விடும், அரசாங்கத்துக்குக் கைகட்டி நிற்க வேண்டும் என்ற பயம். கத்தோலிக்கத் திருச்சபையின் ஆயர்களும் எதிர்த்தார்கள். 1950 அக்டோபரில் அவர்கள் பிரதமர் ஜான் காஸ்டெல்லோவுக்கு அனுப்பிய கடிதத்தில் ஒரு வாதம் உண்டு: வசதி இல்லாத பத்து சதவீதத்தினரை வருமானச் சோதனையின் 'அவமானம் என்று சொல்லப்படுவதிலிருந்து' காப்பாற்றுகிறோம் என்று சாக்குச் சொல்லி, ஊர் முழுவதன் மேலும் அரசு மருத்துவத்தைச் சுமத்துவது நல்ல கொள்கை இல்லையாம். அவமானம் 'என்று சொல்லப்படுவது'! வருமானச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்ற எங்கள் ஊர்க்காரர்கள் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பிரவுனின் கட்சித் தலைவர் ஷான் மெக்பிரைடே அவரைப் பதவி விலகச் சொன்னார். பிற்காலத்தில் மனித உரிமைப் பணிக்காக நோபல் பரிசு வாங்கிய அதே மெக்பிரைடுதான். 1951 ஏப்ரல் 11 அன்று பிரவுன் விலகினார். போகும்போது சும்மா போகவில்லை. ஆயர்களோடும் பிரதமரோடும் நடந்த கடிதப் போக்குவரத்தை ஐரிஷ் டைம்ஸ் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார். மூடிய அறையில் நடந்த பேரம் மறுநாள் காலையில் நாடு முழுவதற்கும் தெரிந்துவிட்டது. கத்தோலிக்கனாக நான் என் திருச்சபைக்குக் கீழ்ப்படிகிறேன் என்று காஸ்டெல்லோ அவையிலேயே சொன்னார்.

பிரவுனோடு குப்பை கொட்டுவது சுலபமில்லை என்று அவரோடு இருந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். வாழ்நாளில் ஐந்து கட்சிகளில் இருந்தார், அதில் இரண்டு அவரே சேர்ந்து தொடங்கியவை. டாக்டர்களிடம் கொஞ்சம் நயமாகப் பேசியிருந்தால் திட்டம் பிழைத்திருக்கும் என்பவர்களும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நயமாகப் பேசத் தெரிந்தவர்கள் 1953இல் கொண்டுவந்த சட்டத்தைப் பாருங்கள்: வருமான வரம்பு ஒட்டிக்கொண்டது, குழந்தைக்கு ஆறு வாரம் வரைதான் கவனிப்பு.

அதன் பிறகு 2015இல்தான் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எல்லோருக்கும் ஜி.பி. இலவசம் ஆனது. 12 வயது வரை படிப்படியாக நீட்டிக்க 2020இல் நீங்களே சட்டம் போட்டீர்கள். 2023 ஆகஸ்டில் எட்டு வயதுக்குட்பட்டவர்கள் வரை வந்து நின்றது. மருத்துவமனையில் படுக்கும் பிள்ளைகளுக்குக் கட்டணத்தை 2022இல் எடுத்தீர்கள், அதற்கு நன்றி. ஆனால் பிள்ளை படுக்கையில் விழும் முன்பே போய்ப் பார்க்க வேண்டிய டாக்டருக்குத்தானே இன்னும் காசு கேட்கிறீர்கள்?

டாக்டர்கள் போதாது என்பீர்கள். உண்மைதான், புதிதாகக் குடிவந்தவர்கள் கிளினிக் கிளினிக்காகப் போன் போட்டு "பட்டியல் நிரம்பிவிட்டது" என்று கேட்டுக் கேட்டுக் களைத்தவர்கள். அப்படியென்றால் ஜி.பி. பயிற்சி இடங்களைக் கூட்டுங்கள், வெளிநாட்டில் படித்து வந்த டாக்டர்களுக்கு அந்தப் பாதையை இலகுவாக்குங்கள். டாக்டர் பற்றாக்குறையைக் காசில்லாத வீட்டுப் பிள்ளையின் தலையில் கட்டாதீர்கள்.

கேட்பது இரண்டுதான். 12 வயதுக்கு ஒரு தேதி. அதன் பின் 16க்கு ஒரு சட்டம். குடியுரிமை இல்லாத எங்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுக் கிடையாது, உள்ளாட்சித் தேர்தலில் உண்டு. அடுத்த முறை உங்கள் கட்சிக்காரர்கள் எங்கள் கதவைத் தட்டும்போது, அந்தத் தேதியைத்தான் முதலில் கேட்போம்.

இப்படிக்கு,
டப்ளினில் வாழும் ஒரு தமிழ்த் தாய்