பிள்ளைங்களுக்கு முடிவெடுக்கத் தெரியலன்னு எழுதாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இதழ்ல, இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு சொந்தமா ஒரு முடிவெடுக்கத் தெரியலன்னு ஒரு வரி போட்டிருந்தீங்க. ரொம்ப வருஷமா உங்க பத்திரிகைய வாங்குறவ நான், உங்ககிட்டேர்ந்து இத எதிர்பார்க்கல.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பிரவுசிங் சென்டர் வச்சிருக்கேன். 2018ல இன்ஜினியரிங் கவுன்சலிங் ஆன்லைனுக்கு மாறுனதுலேர்ந்து வருஷா வருஷம் சாய்ஸ் ஃபில்லிங்குக்கு, அதாவது வேணுங்கிற காலேஜையும் படிப்பையும் வரிசைப்படுத்திப் போடுறதுக்கு, கடையில கூட்டம்தான். சேர்ல அப்பா உக்காருவார், பக்கத்துல மாமா, படிக்கப் போற பையன் பின்னாடி நிப்பான், ஓடிபி வர்றதே அப்பா போனுக்குத்தான். போன வருஷம் ஒரு பொண்ணு, கட்ஆஃப் 180க்கு மேல, சிவில்தான் வேணும்னு காலேஜ் கோடெல்லாம் நோட்டுல வரிசையா எழுதிட்டு வந்துச்சு, எந்தக் காலேஜ்ல ஹாஸ்டல் இருக்கு, பஸ் இருக்குன்னு ஓரத்துல குறிச்சு வச்சிருந்துச்சு. பெரியப்பா போன்லயே "பொம்பளப்புள்ளைக்கு எதுக்கு சிவில், கம்ப்யூட்டர் சயின்ஸ் போடு"ன்னுட்டார். அது ஒண்ணும் பேசாம நோட்ட மூடி பேக்குல வச்சுருச்சு. அந்தப் பொண்ணுக்கா முடிவெடுக்கத் தெரியல?

பத்தாவது மார்க்க வச்சு பிளஸ் ஒன்ல எந்த குரூப்னு ஸ்கூல்ல சொல்லிடுறாங்க, அப்புறம் சொந்தக்காரங்க சொல்றாங்க. முடிவெடுத்துப் பழகவே விடாம 17 வயசுல திடீர்னு தெரியலன்னா எப்படி வரும்? 18 வயசுல ஓட்டுப் போடலாம்னு 1989லயே கொண்டு வந்தாச்சு, வீட்டுல இன்னும் கொண்டு வரல.

சொல்றேன்னு தப்பா எடுக்காதீங்க, ரிசல்ட் வந்த உடனே நீங்க போடுற 'எந்தப் படிப்புக்கு எதிர்காலம்' இணைப்புல கருத்து சொல்றவங்க பாதிப் பேரு காலேஜ் தாளாளருங்க, எதிர்ப் பக்கத்துல அதே காலேஜ் விளம்பரம். படிக்கிற பசங்ககிட்ட ஒரு தடவ கேட்டிருக்கலாம்.

உருப்படியான விஷயத்த யாரும் சொல்லித் தரல சார். பெரிய காலேஜ முதல்ல போட்டா சீட்டே போயிடும்னு பயந்து, கிடைக்கிற காலேஜ மேல போடுறாங்க. கம்ப்யூட்டர் மேலேர்ந்து பாத்துட்டே வந்து, நம்ம ரேங்குக்கு காலியா இருக்குற முதல் சாய்ஸ குடுத்துரும், அதுக்குக் கீழ இருக்குறத பாக்கவே பாக்காது. கவுன்சலிங் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, இத ஒரு உதாரணத்தோட தமிழ்ல அரைப் பக்கம் போடுங்க, போதும். 'மாணவர்களே'ன்னு ஆரம்பிங்க, பெற்றோருக்குன்னு போடாதீங்க.

இப்படிக்கு,
பிரவுசிங் சென்டர் நடத்தும் ஒரு வாசகி,
பெரம்பலூர்.