அப்பாயி வளர்த்த களை

அன்புள்ள தேன்மொழிக்கு,

அம்மா எழுதுவது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது அடுப்பில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. உன் பிள்ளையும் "சீக்கிரம் சொல்லுங்க பாட்டி" என்று பறந்தான். அந்த அவசரத்தில் நான் சொன்ன பதில் தப்பு.

அவன் கேட்டது நல்ல கேள்வி. சூழ்நிலை மாறிவிட்டது என்று ஒரு விலங்குக்கு எப்படித் தெரியும், அது எப்படித் தன்னை மாற்றும் என்றான். "தேவைக்கு ஏற்ப மெல்ல மெல்லத் தகவமைத்துக்கொள்ளும்டா" என்றேன். வகுப்பறையில் முப்பத்தொரு வருடம் இதே வாக்கியத்தைத்தான் சொல்லியிருக்கிறேன், வாய் பழகிவிட்டது. போனை வைத்த பிறகு மனசு உறுத்தியது. அதற்கு எதுவும் தெரிவதும் இல்லை, அது தன்னை மாற்றிக்கொள்வதும் இல்லை.

இதில் நம் தமிழுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. 'கொள்' என்ற துணைவினை இருக்கிறதே, அது செய்கிற வேலை. தலை வாரிக்கொண்டாள், சட்டை போட்டுக்கொண்டான் என்றால் ஒருவர் தனக்காகத் தானே செய்வது. "கொக்கு நீண்ட அலகை வளர்த்துக்கொண்டது" என்று எழுதினால், ஏதோ ஒரு கொக்கு குளக்கரையில் நின்று யோசித்து முடிவெடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. பிள்ளைகள் அப்படித்தான் எழுதுவார்கள், நானும் மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

அவனுடைய பத்தாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்திலிருந்து, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பரிணாமப் பாடத்தை எடுத்துவிட்டார்கள். 2023-இல் 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டு, அதை எடுக்க வேண்டாம் என்று சொன்னார்கள். இங்கே நம் மாநிலப் பாடநூலில் பத்தாம் வகுப்பிலேயே இருக்கிறது. அவன் பதினொன்றில் உயிரியல் எடுக்காவிட்டால் இதைப் படிக்காமலே பள்ளியை விட்டு வந்துவிடுவான். அதனால் நீயே உட்கார்ந்து சொல்லிக்கொடு. நம் வயலிலிருந்தே ஆரம்பி.

உன் அப்பாயி களையெடுத்ததை நீ பார்த்திருக்கிறாய், ஞாபகம் இருக்கிறதா? சம்பா நட்டு இருபது நாள் ஆனதும் பெண்கள் வரிசையாக இறங்குவார்கள். கோரையைப் பிடுங்குவது சுலபம், தூரத்திலேயே தெரியும். வம்பு பிடித்தது குதிரைவாலிப் புல்தான். இளசில் அப்படியே நெல். கல்யாணமாகி வந்த புதிதில், பி.எஸ்சி. தாவரவியல் படித்த நான் நெல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புல்லை விட்டு வந்தேன். அப்பாயி சிரிக்கவில்லை. இலை தண்டைப் பிடித்திருக்கும் இடத்தைப் பிரித்துக் காட்டினார். நெல்லில் அங்கே வெள்ளையாக ஒரு சின்ன நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும், பக்கத்தில் ரோமம் வைத்த காது மாதிரி ஒன்று. புல்லில் இரண்டும் கிடையாது, கழுத்து மொழுக்கென்று இருக்கும். ஆனால் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தூரைத் தாண்டுகிறவர்கள் ஒவ்வொன்றின் கழுத்தையும் பிரித்தா பார்ப்பார்கள்? கண்ணில் பட்டதைப் பிடுங்குவார்கள்.

இங்கேதான் விஷயம். அந்தப் புல்லிலும் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. ஒன்று தரையோடு பரந்து படரும், ஒன்று நெல் மாதிரி நிமிர்ந்து நிற்கும். ஒன்றுக்கு அடித்தண்டு சிவந்திருக்கும், ஒன்றுக்குப் பச்சை. படர்ந்ததும் சிவந்ததும் கைக்கு முதலில் வரும். நிமிர்ந்த பச்சை தப்பிக்கும். தப்பித்தது கதிர் விட்டு, நாம் நெல்லை அறுக்கும் முன்பே விதையைச் சேற்றில் உதிர்த்துவிடும். தாய்ச்செடி மாதிரிதான் கன்று. அடுத்த வருடம் நெல்லைப் போன்ற புல் கொஞ்சம் கூடுதல். இப்படியே தலைமுறை தலைமுறையாக.

கதிர் வந்த பிறகு அது நெல் இல்லை என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். கதிரில் ஏன் வேஷம் இல்லை? அந்த நேரத்தில் யாரும் களையெடுப்பதில்லை. பிடுங்கும் கை எதைப் பார்த்ததோ அது மட்டும் மாறியது.

சீனாவில் யாங்சி ஆற்றுப் படுகையின் வயல்களில் இந்தப் புல்லைச் சேகரித்து மரபணுவைப் படித்திருக்கிறார்கள். 2019-இல் முடிவு வெளியானது. நெல்லைப் போல நிமிர்ந்து நிற்கும் வகை அங்கே பிரிந்தது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பாம். அங்கேயும் அப்பாயிகள்தான். புல்லை ஒழிக்க இறங்கியவர்கள், ஒழிக்க முடியாத புல்லை உண்டாக்கிவிட்டுப் போனார்கள். புல்லும் நெல்லாக வேண்டும் என்று நினைக்கவில்லை, அவர்களும் நெல்லாக்க வேண்டும் என்று நினைக்கவில்லை.

டார்வின் 1859-இல் புத்தகமாக எழுதியதன் சாரம் இவ்வளவுதான். பிள்ளைகளில் வித்தியாசம் இருக்கும். அது வழிவழியாக வரும். எல்லாம் பிழைத்துப் பெருகாது, எது பெருகும் என்பதில் அந்த வித்தியாசத்துக்குக் கை உண்டு. வித்தியாசம் எங்கிருந்து வருகிறது, எப்படிக் கடத்தப்படுகிறது என்பது பாவம் அவருக்கே தெரியாது. மெண்டல் பட்டாணிச் செடி வைத்துக் கண்டுபிடித்ததை 1900 வரை பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. இன்று தெரியும்: மரபணுவை நகல் எடுக்கும்போது வரும் எழுத்துப் பிழைகள். பிழை எந்தப் பக்கம் விழும் என்பது தேவையைக் கேட்டு நடப்பதில்லை. எது தங்கும், எது போகும் என்று சலித்தெடுப்பது மட்டும்தான் கண்மூடித்தனமாக நடப்பதில்லை.

களையெடுப்பது மனிதக் கைதானே, இயற்கை எங்கே வந்தது என்று உன் பிள்ளை மடக்குவான். அப்போது இதைச் சொல். பசிபிக் கடலில் இருக்கும் கலபகோஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னி மேஜர் என்று ஒரு தீவு, நூறு ஏக்கர்கூட இருக்காது. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற தம்பதி 1973 முதல் அங்கே போய் ஃபிஞ்ச் குருவிகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, அலகை அளந்து விட்டார்கள். 1977-இல் மழை பொய்த்தது. சின்ன விதைகள் தீர்ந்துபோயின. மிஞ்சியது என்ன தெரியுமா? நெருஞ்சி! நம் களத்துமேட்டு நெருஞ்சிக்குச் சொந்தக்காரச் செடி, அதே முள், அதே கல் மாதிரிக் காய். பருத்த அலகுள்ள குருவிதான் அதை உடைத்துத் தின்ன முடிந்தது. ஒரு இனத்தில் சுமார் 1,200 இருந்தவை 180 அளவுக்குக் குறைந்தன. பிழைத்தவற்றின் அலகு சராசரியாக அரை மில்லிமீட்டர் பருமன் கூடுதல். பட்டினியில் எந்தக் குருவிக்கும் அலகு வளரவில்லை, சின்ன அலகுக்காரர்கள் செத்தார்கள், அவ்வளவுதான். அடுத்து வந்த குஞ்சுகளுக்கும் பெற்றோர் போலப் பெரிய அலகு. சரி, இனி அலகு பெருத்துக்கொண்டே போகும் என்று நினைத்தால், 1983-இல் பேய்மழை. சின்ன விதை எங்கும் முளைத்தது, அப்புறம் சின்ன அலகுக்கு நல்ல காலம். 'முன்னேற்றம்' என்ற சொல்லை இதில் கொண்டுவரவே விடாதே.

குரங்கு கேள்வியும் வரும், எந்த வகுப்பிலும் வராமல் இருந்ததில்லை. குரங்கு நமக்குப் பாட்டன் இல்லை, பங்காளி. நமக்கும் சிம்பன்சிக்கும் அறுபது, எழுபது லட்சம் வருடத்துக்கு முன் ஒரே மூதாதை. பாகம் பிரிந்த பிறகு அவரவர் வழி. பங்காளி இன்னும் ஏன் உயிரோடு இருக்கிறான் என்று யாராவது கேட்பார்களா?

நம் வயலில் இப்போது கைக்களை கிடையாது, ஆள் கிடைப்பதில்லை. களைக்கொல்லிதான். அமெரிக்காவில் ஆர்கன்சா நெல் வயல்களில் புரோபனில் என்ற களைக்கொல்லிக்கு அடங்காத குதிரைவாலி 1990 வாக்கிலேயே வந்துவிட்டது. போன சம்பாவில் உன் அப்பாவும் "மருந்து கேட்கலையே, டோஸைக் கூட்டணுமோ" என்று மருந்துக் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பிடித்து இழுத்து வந்து அப்பாயி கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்போ ஆள்தான் விடணுமா?" என்றார். மருந்தை மாற்றி அடிப்போம், மிஞ்சியதைக் கையால் எடுப்போம் என்று பேசியிருக்கிறோம்.

கொரியரில் மாவடு ஜாடியோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் வரும். அதில் நெருஞ்சிக்காய் பத்து இருக்கிறது, களத்தில் பொறுக்கியது. இரண்டை அவன் கையில் கொடுத்து முதலில் நகத்தால் உடைக்கச் சொல். அப்புறம் கட்டிங் பிளேயரைக் கொடு. தரையில் சிந்திவிடாதீர்கள், மாப்பிள்ளை வெறுங்காலோடு நடப்பார்.

அன்புடன்,
அம்மா