மீரியபெத்தைக்கு வரும் மகளுக்கு

அன்பின் மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இந்த ஒக்டோபர் 29க்கு, மண்சரிவு நினைவு நாள் செய்தி எடுக்க, கொஸ்லந்தைப் பக்கத்து மீரியபெத்தைத் தேயிலைத் தோட்டத்துக்கு உன் ஆபீஸில் உன்னைத்தான் அனுப்புகிறார்கள் என்று சொன்னாய். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் போனை வைத்த பிறகு தூக்கம் வரவில்லை.

2014இல் தீபாவளி முடிந்து ஒரே வாரம். காலை ஏழரை மணி போல மலை சரிந்து இறங்கியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வரிசை வீடுகளாக இருந்த லயமும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. காணாமல் போனவர்கள் நூறு என்றது ரேடியோ, பிறகு இருநூறு, முந்நூறு என்றது, அப்புறம் குறைத்துக்கொண்டே வந்தது. எந்தக் காம்பராவில் யார் இருந்தார்கள் என்று தோட்டத்து ஆட்களுக்குப் பெயர் பெயராகத் தெரியும். எங்களிடம் வந்து கேட்டிருக்கலாம்.

அதன் பிறகு வருடா வருடம் செய்திக்காரர்கள் வருகிறார்கள். மேலேயிருந்து எடுத்த அதே சிவப்பு மண் படம், விளக்கேற்றுகிற அரசியல்வாதிகள், சோகப் பாட்டு. என்னோடு கொழுந்து பறித்த அக்காவை உனக்குத் தெரியும், தங்கச்சி குடும்பத்தையே அங்கே பறிகொடுத்தவள். ஒரு வருடம் ஒரு டிவிக்காரர் அவளை மண்ணைப் பார்த்தபடி நிற்க வைத்தார். அவள் அழவில்லை, பேசினாள். அந்த இடம் ஆபத்து என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள் அல்லவா, அதைச் சொன்னாள். "எழும்பிப் போ என்றார்கள், எங்கே போவது? காணி எங்கள் பேரிலா இருந்தது?" என்று கேட்டாள். அன்றிரவு நாங்கள் எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தது மட்டும் வந்தது. பேசிய ஒரு வார்த்தையும் வரவில்லை. வேர்வையைத்தான் துடைத்தாள் மகள், அது அழுகை இல்லை. அதற்குப் பிறகு எந்தக் கேமராவுக்கும் அவள் வாய் திறக்கவில்லை.

டிசம்பர் 26 காலை 9.25க்கு சுனாமியில் போனவர்களுக்காக நாடே இரண்டு நிமிடம் நிற்கும். நானும் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றிருக்கிறேன். கடலோரத்து ஜனங்களுக்கு அந்த மரியாதை வேண்டும். நம் ஆட்களுக்கும் அப்படி ஒன்றைச் செய்யச் சொல் என்று உன்னிடம் கேட்கவில்லை. அக்கா கேட்ட கேள்விக்கு யாராவது பதில் சொல்லும்வரை நீ கேட்க வேண்டும், அவ்வளவுதான். தப்பியவர்களுக்கு மாக்கல்தெனியாவில் கட்டிக் கொடுத்த வீடுகளுக்குப் போ. காணி உறுதிப் பத்திரம் கைக்கு வந்ததா, இல்லையா என்று வீடு வீடாகக் கேள். அன்று பள்ளிக்கூடச் சட்டையோடு நின்ற பிள்ளைகள் இப்போது வளர்ந்த ஆட்கள். அவர்களுக்கு என்ன வேலை, எங்கே இருக்கிறார்கள் என்று விசாரி. நம் மேல் லயத்தில் மழை பிடித்தால் இன்றைக்கும் பாயைச் சுருட்டிக்கொண்டு கோயிலுக்குத்தான் ஓடுகிறோம். அது நினைவு நாள் செய்தியில் வராதென்று உன் ஆபீஸில் சொன்னாலும், நீ எழுதிக் கொடு.

யாரையும் அழச் சொல்லாதே. தானாக அழுதால் கேமராவைக் கீழே இறக்கு.

28ஆம் திகதியே வந்துவிடு, மழைக்காலம், ரோட்டை நம்ப முடியாது. அக்காவிடம் நீ வருவதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். கேமராவை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வரச் சொன்னாள். தேத்தண்ணி குடித்த பிறகு பேசுகிறாளாம்.

அம்மா