சுறாவுக்கும் கவச மீனுக்கும் என்ன உறவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் டங்கிலியோஸ்டியஸ் மீனைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன இப்படிப்பட்ட மீன்களுக்கு நாளிதழில் அரைப்பக்கம் கிடைப்பதே அபூர்வம், அதற்கு நன்றி. ஆனால் 'பத்து மீட்டர் நீளம், வாய் நிறையப் பற்கள் கொண்ட ஆதிச் சுறா' என்று எழுதியதைப் படித்த பிறகு, விலங்கியல் பாடம் நடத்தியே காலம் தள்ளிய என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நீளம் பழைய கணக்கு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துப் பாறைகளில் நன்றாகக் கிடைப்பது தலைக்கவசமும் மார்புக்கவசமும்தான். பின்னுடலை ஊகிக்கத்தான் வேண்டும். 2023-ல் ரஸ்ஸல் எங்கல்மன் என்ற ஆய்வாளர் தலை அளவை வைத்துப் போட்ட கணக்கில் அது மூன்றரை மீட்டர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. மிகப் பெரியவை நாலு மீட்டர் சொச்சம்.

பல்லும் கிடையாது. தாடையிலிருந்த எலும்புத் தகடுகளே அதற்கு ஆயுதம். வாயைத் திறந்து மூடும்போது மேல்தகடும் கீழ்த்தகடும் கத்தரிக்கோல் அலகுகளைப் போல உரசிக்கொள்ளும். அந்த உரசலிலேயே விளிம்பு கூர்மையாகும். தேய்ந்த தழும்பைப் புதைபடிவத்தில் இன்றும் பார்க்கலாம்.

எனக்கு உறுத்தியது 'சுறா' என்பதுதான். இது பிளாகோடெர்ம் என்ற கவச மீன் கூட்டத்தைச் சேர்ந்தது. ஆய்வுக்கூடத்தில் சுறாவை அறுத்தவர்களுக்குத் தெரியும், அதன் மண்டையைக் கத்தியாலேயே சீவிவிடலாம், அத்தனையும் குருத்தெலும்பு. அதனால் சுறாதான் பழைய அமைப்பு, எலும்பு பிறகு வந்தது என்று நாங்களும் வருடக்கணக்கில் பாடம் சொன்னோம், பாடப்புத்தகமே அப்படித்தான் இருந்தது. அந்தக் கதையைச் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் கிடைத்து 2013-ல் அறிவிக்கப்பட்ட என்டெலோக்னாதஸ் ஆட்டம் காண வைத்தது. சுமார் 42 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சின்ன மீன் அது. உடம்பு கவச மீனுடையது. வாய் ஓரத்திலோ எலும்பு மீன்களுக்கும் நமக்கும் இருப்பது போன்ற மேல்தாடை, கீழ்த்தாடை எலும்புகள்! அப்புறம் 2020-ல் மங்கோலியாவிலிருந்து மின்ஜினியா வந்தது. அந்தக் கவச மீனின் மூளைப்பெட்டிக்குள் பஞ்சு போன்ற உள்ளெலும்பு இருந்தது. சுறாக்கள் கிளை பிரிவதற்கு முன்பிருந்த கூட்டத்திலேயே இப்படி எலும்பு இருந்தது என்றால், சுறாவின் முன்னோர்களுக்கும் எலும்பு இருந்து, பிறகு கைவிட்டுப் போயிருக்க வேண்டும் என்றுதான் இப்போது பலரும் நினைக்கிறார்கள்.

ஆக, கட்டுரையில் சொன்னபடி கவச மீன்கள் 'வாரிசில்லாமல் அழிந்த விசித்திரப் பிராணிகள்' அல்ல. 36 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் கூட்டம் மறைந்தது உண்மைதான். ஆனால் சுறா, கெளுத்தி, நாம் என்று தாடையுள்ள எல்லோருமே அந்தக் கூட்டத்தின் ஏதோ ஒரு கிளையிலிருந்து வந்தவர்கள் என்பதுதான் இன்று பெரும்பாலானோரின் கருத்து.

கடைசியாக, படம். கன்னத்தில் ஐந்து செவுள் பிளவுகளை வரைந்திருக்கிறார் உங்கள் ஓவியர். அது சுறாவுக்குச் சரி. இந்த மீனின் செவுள்கள் கவசத்தின் மறைவில் இருந்தவை. அடுத்த முறை படத்தை அச்சுக்கு அனுப்பும் முன் விலங்கியல் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்