கையெழுத்துப் போடுமுன்

அன்புள்ள கலை,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை அப்பாவும் நானும் சேர்ந்துதான் கேட்டோம். ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு ஒரு சீசன் மட்டும் பாஸ்கெட்பால் கிளப்பில் பிசியோவாகப் போகலாமா என்று கேட்டிருக்கிறாய். அப்பா வேண்டாம் என்கிறார். சிங்கப்பூரில் உன் வேலை அனுமதிப் பாஸ் என்னாகுமோ என்று நினைத்துச் சொல்கிறார், அதில் நியாயம் இருக்கிறது. நான் போ என்கிறேன். போனில் சொன்னால் நீ பாதியிலேயே வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பாஸ்கெட்பால் ஆடிய காலத்தில் நன்றாக ஆடுகிற பெண்ணுக்கு இருந்த ஒரே வழி ஸ்போர்ட்ஸ் கோட்டா. ரயில்வே, இல்லாவிட்டால் பேங்க். பகலெல்லாம் கவுண்டர், சாயங்காலம் பிராக்டீஸ். அந்தச் சம்பளத்தில்தான் அல்சூரில் இந்த வீடு நடந்தது, நீ படித்தாய். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆட்டத்தையே தொழிலாக வைத்துப் பிழைக்கிற வாழ்க்கை எங்கள் கைக்கு எட்டவில்லை. தேசிய அணிக்கே கேப்டனாக இருந்து 2021-ல் பத்மஸ்ரீ வாங்கிய நம் சென்னைப் பெண் அனிதா பால்துரையும் தெற்கு ரயில்வேயில்தான் வேலை பார்த்தார். 2017-ல் இங்கே பெங்களூரு கண்டீரவா உள்ளரங்கில் ஆசியக் கோப்பை பி பிரிவு இறுதியாட்டத்தில் நம் பெண்கள் கஜகஸ்தானை 75-73 என்று ஜெயித்தார்களே, அன்றைக்குத் தொண்டை கட்டும்வரை கத்தினேன். அந்த ஆட்டத்துக்கு ஏற்ற ஒரு கிளப் லீக் இந்தப் பக்கத்தில் இருந்திருக்கக் கூடாதா என்ற ஏக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஆண்களுக்காவது நீ இருக்கிற பக்கத்தில் அதைச் செய்து பார்த்தார்கள். சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ் கிளப் முதலில் ஆஸ்திரேலிய லீக்கில்தான் ஆடியது. அவ்வளவு தூரம் பறந்துபோய் ஆடுகிற செலவு கட்டுப்படியாகாமல் 2008-ல் விலகியது. மறுவருஷமே ஆசியான் பாஸ்கெட்பால் லீக் ஆரம்பித்தது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து, புருனே, சிங்கப்பூர், நாட்டுக்கு ஒரு கிளப். கோலாலம்பூருக்கு ஒரு மணி நேர விமானம் என்றால் கணக்கு ஒத்துவரும். பிலிப்பைன்ஸைப்போல ஊரெல்லாம் பாஸ்கெட்பால் ஆடுகிற நாட்டுக்கு அது பெரிய விஷயமில்லை. தனியாக ஒரு தொழில்முறை லீக் நடத்த முடியாத சின்ன நாட்டுக்குத்தான் அதன் அருமை தெரியும். வியட்நாமைப் பார். அங்கத்திய சைகான் ஹீட் கிளப் 2012-ல் இந்த லீக்கில் சேர்ந்தது. 2016-ல் அந்த நாட்டுக்கே சொந்தமாக ஒரு லீக் வந்துவிட்டது. இலங்கை, நேபாளம், வங்கதேசம், நாம் எல்லாம் சேர்ந்து இப்படி ஒன்று நடத்தினால் இங்கே உள்ள பிள்ளைகள் எவ்வளவு மேலே வருவார்கள்! உன் மாதிரி ஒருத்தி அதற்குள்ளே இருந்து வேலை கற்றுக்கொண்டால் நாளைக்கு இங்கேயும் உதவும். உன்னைப் போ என்று சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

அங்கே போனால் உள்ளூர்ப் பையன்களை விசேஷமாகக் கவனி. இப்படிப்பட்ட லீக்குகளில் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள்தான் நாற்பது நிமிஷத்தில் பெரும்பகுதி ஆடுவார்கள். அவர்களுக்கு முழங்காலும் இடுப்பும் தேய்ந்துபோகும், அது எல்லார் கண்ணிலும் படும். பெஞ்சில் உட்கார்ந்தே இருக்கிற உள்ளூர்ப் பையன் மூன்றாவது குவார்ட்டரில் உடம்பு சூடாகாமல் திடீரென்று இறங்குவான். கணுக்கால் மடங்குவது அங்கேதான். வலிக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லவும் மாட்டான், சொன்னால் கிடைக்கிற அந்த ஐந்து நிமிஷமும் போய்விடும் என்று பயம். நானும் அப்படி வாயை மூடிக்கொண்டு டேப் சுற்றி ஆடியவள்தான். எனக்கு இன்றைக்கும் மாடிப்படி ஏறும்போது வலது கால் சொல்லும். நீயாகப் போய்க் கேள்.

அப்பா பயப்படுவதில் ஒன்று உண்மை. இந்தக் கிளப்புகளுக்கு வேர் ஆழமில்லை. ஸ்பான்சர் போனால் பெயர் மாறும், சில சமயம் கிளப்பே இருக்காது. 2019-ல் அந்த ஆசியான் லீக்கில் இந்தோனேசியாவின் சுராபாயா ஊர்க் கிளப் சி.எல்.எஸ். நைட்ஸ், ஸ்லிங்கர்ஸை 3-2 என்று ஜெயித்துக் கோப்பை வாங்கியது. அதற்கு அடுத்த சீசன் கொரோனாவால் பாதியிலேயே நின்றுபோனது, சாம்பியன் என்று யாருமே இல்லை. அதனால் சீசன் நடுவில் நின்றால் மீதிச் சம்பளம் உண்டா, பாஸை யார் எடுத்துத் தருவார்கள், வெளியூர் ஆட்டத்துக்குப் போகும்போது இன்ஷூரன்ஸ் யார் கட்டுவது, இதெல்லாம் எழுத்தில் வரட்டும். வாய்ப்பேச்சை நம்பாதே. ஆஸ்பத்திரியில் சம்பளமில்லா விடுப்பு கொடுப்பார்களா என்றும் கேட்டுப் பார். கேட்பதில் நஷ்டமில்லை.

அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அவரிடம் சம்பளத்தைப் பற்றி முதலில் சொல், மற்றதெல்லாம் பிறகு. கான்ட்ராக்ட் கைக்கு வந்ததும் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. உன் பெரியம்மா மகன் வக்கீல்தானே, அவன் படித்துப் பார்க்கட்டும். அதுவரை கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
அம்மா