கூப்பிட வேண்டாம் என்று எழுதிப் பார்

அன்புள்ள மகளுக்கு,

உன் கட்டட ஆய்வுத் தொழிலுக்காக நீ மின்னஞ்சலில் அனுப்பும் செய்திமடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். "சந்தாதாரர் எண்ணிக்கை ஏறவே மாட்டேங்குதும்மா" என்று எழுதியிருக்கிறாய். யாரோ மின்னஞ்சல் முகவரிப் பட்டியல் விற்கிறார்கள், வாங்கிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். வாங்காதே. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில் உன் எழுத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். இத்தனை வருடம் தபால் விளம்பரம் எழுதிச் சம்பளம் வாங்கியவள் என்ற முறையில்தான் இதைச் சொல்கிறேன். கொஞ்சம் கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்.

விரிசல் பற்றிய இதழை எடுத்துக்கொள். "சீரற்ற அடித்தள அமிழ்வினால் சுமைதாங்கு சுவர்களில் தோன்றும் சிதைவுகள்" என்று ஆரம்பிக்கிறது. இதற்குத் தலையாட்டப் போகிறவர்கள் உன்னோடு படித்த பொறியாளர்கள். அவர்கள் உனக்கு வேலை தர மாட்டார்கள். அவர்களும் உன்னைப் போல வேலை தேடிக்கொண்டிருக்கிறவர்கள்தான். உன்னைக் கூப்பிடப் போகிறவர் ஏதோ ஒரு குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். அவருக்குப் பொறியியல் தெரியாது. சுவரில் ஒரு கோடு ஓடுகிறது. கட்டடமே போச்சு என்கிறார் ஒருவர், பூசிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் இன்னொருவர். அடுத்த கூட்டத்தில் எல்லாருக்கும் இவர் பதில் சொல்லியாக வேண்டும். அந்த மனிதருக்கு உன் இதழில் என்ன இருக்கிறது? நான் தேடிப் பார்த்தேன். ஆறாவது பத்தியில், அடைப்புக்குறிக்குள், ஒரே ஒரு வரி இருக்கிறது: விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தால், அது வளர்கிறதா என்று தெரிந்துவிடும் என்று.

அந்த வரிதான் உன் இதழ். அதை எதற்குப் புதைத்து வைத்தாய்?

விளம்பர எழுத்தாளர் டேவிட் ஓகில்வி 1958-ல் ரோல்ஸ்ராய்ஸ் காருக்கு எழுதிய விளம்பரத்தைப் பற்றி உனக்குச் சொல்லியிருப்பேன். மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும்போது இந்தக் காருக்குள் கேட்கும் மிகப் பெரிய சத்தம் மின்கடிகாரத்தினுடையது என்பது அதன் தலைப்பு. அதை அவர் கற்பனை செய்து எழுதவில்லை. மூன்று வாரம் அந்தக் காரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறார். ஒரு மோட்டார் பத்திரிகையின் சோதனை அறிக்கையில் அந்த வரி ஏற்கெனவே அச்சாகிக் கிடந்தது. அவர் செய்ததெல்லாம் அதைக் கண்டுபிடித்து மேலே கொண்டுவந்து வைத்ததுதான். "ஒப்பற்ற அமைதி", "உலகத் தரம்" என்று எழுதியிருந்தால் அந்தக் கார் யார் நினைவிலும் நின்றிருக்காது. விளம்பர வாசகம் என்றாலே வார்த்தை ஜாலம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே இருந்தவளாகச் சொல்கிறேன், பாதிக்கு மேல் அது தேடும் வேலை. உன் கள ஆய்வு அறிக்கைகளில் இப்படி எத்தனை கடிகாரங்கள் கிடக்கின்றனவோ.

இன்னொரு விஷயம். நீ சொன்ன அந்த ஆன்லைன் பயிற்சிக்காரர் பயத்தைக் கிளப்பச் சொல்கிறார் இல்லையா? "உங்கள் கட்டடம் பாதுகாப்பானதா? இன்றே தெரிந்துகொள்ளுங்கள், ஆலோசனைக்கு இன்னும் மூன்றே இடங்கள்!" என்று. இது வேலை செய்யும். வேலை செய்யாது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உன் தொழிலில் பயம் மிகவும் மலிவாகக் கிடைக்கிறது. வீட்டுக்கூரைக்குக் கீழே தூங்குகிறவனைப் பயமுறுத்த எழுத்துத் திறமையே தேவையில்லை. அப்படிப் பயந்து வருகிறவன் உன்னை நம்பி வருவதில்லை. ஒரே நாளில் வேறு நாலு பேரையும் கூப்பிட்டிருப்பான், கடைசியில் யார் குறைந்த தொகை சொன்னார்களோ அவர்களிடம் போவான். இல்லாத "மூன்றே இடங்கள்" அடுத்த மாதமும் மூன்றாகவே இருப்பதைச் சந்தாதாரர் கவனிப்பார். அதன் பிறகு நீ கம்பி துருப்பிடிப்பதைப் பற்றி எவ்வளவு உண்மையாக எழுதினாலும் அதையும் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பார்.

அதற்குப் பதிலாக இப்படிச் செய்து பார். எந்த விரிசலுக்கு உன்னைக் கூப்பிட வேண்டியதில்லை என்று எழுது.

நிஜமாகத்தான் சொல்கிறேன். பூச்சு காயும்போது அது சுருங்கி மேற்பரப்பில் வலைபோல மெல்லிய கோடுகள் விழும். அது பெரும்பாலும் தோற்றப் பிரச்சினைதான், அதற்குப் பொறியாளர் வேண்டாம், அடுத்த தடவை வண்ணம் அடிக்கும்போது சரிசெய்துகொள்ளலாம். இதை நீயே எழுது. உனக்கு வரக்கூடிய ஒரு வேலையை நீயே வேண்டாம் என்று தள்ளுகிறாய் என்பது படிக்கிறவருக்குப் புரியும். அதற்குப் பிறகு நீ சொல்வதை அவர் வேறு காதோடு கேட்பார். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, ஒரு முனையில் அகலமாகி, மாதத்துக்கு மாதம் நீளும் விரிசல். சுவரின் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் தெரியும் விரிசல். நேற்றுவரை சரியாக மூடிய கதவு இன்று இடிப்பது. தூணிலோ உத்தரத்திலோ கம்பி ஓடும் திசையிலேயே கோடு விழுந்து துருக்கறை கசிவது. "இதற்கெல்லாம் தள்ளிப்போடாதீர்கள், என்னையோ வேறொரு நல்ல பொறியாளரையோ கூப்பிடுங்கள்" என்று எழுது. துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால்தான் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது என்று ஒரு வரி சேர்த்துவிடு. சங்கக் கூட்டத்தில் அந்த ஒரு வரியைச் செயலாளர் அப்படியே சொல்வார். இதைப் படித்த பிறகு அவருக்குப் பயமும் இருக்கும், ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்ற தெளிவோடு இருக்கும். "வேறொரு நல்ல பொறியாளர்" என்ற வார்த்தையை எடுத்துவிடாதே. அது உனக்கு நஷ்டம் என்று அந்தப் பயிற்சிக்காரர் சொல்வார், சொல்லட்டும்.

இப்படி ஓர் இதழ் எழுதினால் அது தானாகவே கைமாறும். பக்கத்துக் குடியிருப்புச் செயலாளருக்குப் போகும், வாட்ஸ்அப் குழுவில் விழும். உன் கேள்விக்கு என் பதில் இதுதான்: எண்ணிக்கை அப்படித்தான் ஏறும். லிங்க்ட்இன்னில் நீ தினமும் ஏதாவது போட்டுக்கொண்டே இருக்க வேண்டாம். இதழில் உள்ள ஒரு பகுதியை முழுசாக, தனியாகப் படித்தாலும் பயன்படும்படி அங்கே போட்டுவிட்டு, இப்படிப்பட்டவை மின்னஞ்சலில் வேண்டுமென்றால் சேரலாம் என்று ஒரு வரி எழுது. அந்தத் தளம் நாளைக்கே உன் பதிவை யாருக்குக் காட்டுவது, யாருக்கு மறைப்பது என்று மாற்றிக்கொள்ளும். உன்னிடம் கேட்டுவிட்டு மாற்றாது. உன் முகவரிப் பட்டியலை மட்டும்தான் நீ எங்கே போனாலும் எடுத்துக்கொண்டு போகலாம். மாதம் ஒருமுறை அதைத் தரவிறக்கி வைத்துக்கொள்.

இப்போது அந்த விலைக்கு வரும் பட்டியல். இது புது யோசனை ஒன்றும் இல்லை. 1978 மே மாதத்தில், இணையம் என்று ஒன்று வருவதற்கு முன்பே, கேரி தர்க் என்ற கணினி விற்பனையாளர், இணையத்துக்கு முன்னோடியான ஆர்பாநெட் என்ற கணினி வலையமைப்பில் இருந்த கிட்டத்தட்ட நானூறு பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். கேட்காமல் வந்த அந்தக் கடிதத்துக்குப் பலர் கொதித்துப்போனார்கள். நல்ல விற்பனையும் ஆனது என்று பின்னாளில் அவரே சொல்லிக்கொண்டார். அவர் கணினி விற்றுவிட்டுப் போய்விட்டார், நீ வருடக்கணக்கில் அதே மனிதர்களின் இன்பாக்ஸில் வரவேற்போடு இருக்க வேண்டியவள். இன்றைய நிலைமையும் வேறு. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு விதி போட்டிருக்கின்றன: அனுப்பியது நீதான் என்று நிரூபிக்க எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று சரிபார்ப்பு முறைகளும் வேண்டும், ஒரே அழுத்தில் விலகும் வசதி வேண்டும், ஸ்பாம், அதாவது வேண்டாத கடிதம், என்ற புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. அதாவது ஆயிரம் கடிதத்துக்கு மூன்று பேர் "ஸ்பாம்" என்று அழுத்தினாலே ஆபத்து. கூகுள் 0.1-க்குக் கீழே வைத்துக்கொள்ளச் சொல்கிறது. ஜிமெயிலின் கணக்கில் மொத்த அனுப்புநர் என்றால் ஒரு நாளைக்கு 5,000 கடிதம். நீ அந்த அளவுக்கு வரவில்லைதான். ஆனாலும் உன் டொமைனின் (மின்னஞ்சல் முகவரியில் @-க்குப் பின்னால் வருவது) பெயர் கெட்டால் நீ வாடிக்கையாளருக்கு அனுப்பும் அறிக்கைகூட ஸ்பாமில் போய் உட்காரும். வாங்கிய பட்டியலில் உன்னைத் தெரியாதவர்கள் மட்டும் இல்லை, இப்படி அனுப்புகிறவர்களைப் பிடிப்பதற்கென்றே வைத்திருக்கும் பொறி முகவரிகளும் இருக்கலாம். ஐரோப்பாவில் 2018-ல் நடைமுறைக்கு வந்த ஜிடிபிஆர் என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி சம்மதம் வாங்கினாய் என்பதற்கு நீதான் ஆதாரம் காட்ட வேண்டும். விலைக்கு வாங்கியதில் என்ன ஆதாரம் காட்டுவாய்?

"விலகிக்கொள்ள" என்ற இணைப்பை நீ கீழே சாம்பல் நிறத்தில் கண்ணுக்குத் தெரியாமல் வைத்திருக்கிறாய். பெரிதாக்கு. அது கிடைக்காதவர் ஸ்பாம் பொத்தானைத்தான் அழுத்துவார்.

ஓப்பன் ரேட்டை, அதாவது கடிதத்தைத் திறந்தவர்களின் சதவீதத்தை, பார்த்துச் சந்தோஷப்படாதே, வருத்தப்படவும் செய்யாதே. 2021-ல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் தனியுரிமைப் பாதுகாப்பைக் கொண்டுவந்ததிலிருந்து, கடிதத்தில் உள்ள படங்களை அதன் சர்வரே முன்கூட்டி இறக்கிவிடுகிறது. படம் இறங்கியதை வைத்துத்தான் திறந்ததாக எண்ணுகிறார்கள் என்பதால், யாரும் படிக்காமலேயே "திறந்தார்" என்று கணக்கில் ஏறும். எங்கள் காலத்தில் கூப்பனின் மூலையில் சின்னதாக ஒரு குறியீடு அச்சடிப்போம். எந்தப் பத்திரிகையிலிருந்து, எந்தத் தலைப்பிலிருந்து வந்தது என்று அதை வைத்து எண்ணுவோம். க்ளாட் ஹாப்கின்ஸ் போன்ற விளம்பர எழுத்தாளர்கள் நூறு வருடத்துக்கு முன்பே பழக்கிவிட்ட வேலை அது. கத்தரிக்கோல் எடுத்து வெட்டி, உறையில் போட்டு அனுப்பிய மனிதரைத்தான் எண்ணினோம். பத்திரிகையைப் புரட்டியவரை எண்ணவில்லை. உனக்கு அதற்கு ஈடானது பதில் கடிதம். எத்தனை பேர் பதில் எழுதினார்கள், எத்தனை பேர் பென்சில் கோடு போட்ட படத்தை அனுப்பினார்கள் என்று பார்.

பதில் வர வேண்டுமானால் கேட்க வேண்டும். உன் வரவேற்புக் கடிதம் எந்த மென்பொருளோ எழுதியது போல இருக்கிறது. (அப்படித்தானா? சொல்ல வேண்டாம்.) அதைத் தூக்கிவிட்டு நாலு வரி எழுது: நீ யார், எப்போது எழுதுவாய், என்ன எழுத மாட்டாய், கடைசியாக ஒரு கேள்வி. "உங்கள் கட்டடத்தில் இப்போது உங்களுக்கு உறுத்தலாக இருப்பது எது?" வரும் பதில்களை அவர்கள் எழுதிய வார்த்தையிலேயே ஒரு நோட்டில் குறித்து வை. அமிழ்வு என்று ஒருவரும் எழுத மாட்டார்கள். "தரை ஒரு பக்கம் இறங்கின மாதிரி இருக்கு மேடம்" என்பார்கள். உன் அடுத்த சப்ஜெக்ட் லைன் அதுதான். போனில் முதல் சில சொற்கள்தான் தெரியும் என்பதால் "தரை ஒரு பக்கம் இறங்கினால்" என்பது முன்னால் வரட்டும், "இதழ் 14" என்ற எண்ணைக் கடாசிவிடு. ஆனால் சப்ஜெக்டில் சொன்னது உள்ளே இருக்க வேண்டும். பதில் கடிதம் போலத் தோன்ற முன்னால் "ரீ:" போடும் வித்தையெல்லாம் வேண்டாம். வணிகக் கடிதத்தில் படிக்கிறவரை ஏமாற்றும் சப்ஜெக்ட் லைன், அமெரிக்காவில் 2003-ல் இயற்றிய சட்டப்படி சட்டவிரோதம். சட்டம் இல்லாவிட்டாலும் அது அசிங்கம்.

மாதம் ஒருமுறை போதும். சொன்ன தேதியில் போகட்டும்.

எண்ணிக்கை பற்றி நீ இவ்வளவு கவலைப்படுவதன் காரணம் எனக்குப் புரியவில்லை. வேலையை விட்டுவிட்டுத் தனியாக வந்தது பயமாக இருக்கிறது, சரி. ஆனால் நீ விற்பது சந்தா இல்லை. மாதத்துக்கு இரண்டு மூன்று நல்ல ஆய்வு வேலை வந்தால் உன் அலுவலகம் ஓடும். அதற்குப் பத்தாயிரம் பேர் தேவையில்லை. சுவரில் கோடு விழுந்ததும் உன் பெயர் ஞாபகத்துக்கு வரும் இருநூறு செயலாளர்கள் இருந்தால் போதும் என்பது என் கணிப்பு. உன்னிடம் இப்போதே அதில் பாதிக்கு மேல் இருக்கிறது. அவர்களுக்கு ஒழுங்காக எழுது.

அன்புடன்,
அம்மா

பின்குறிப்பு: கடிதத்தின் நடுப்பகுதியைத் தாவி நேராக இங்கே வந்திருப்பாய் என்று தெரியும், எல்லாரும் அப்படித்தான், அதனால்தான் எங்கள் தொழிலில் கேட்க வேண்டியதைப் பின்குறிப்பில் ஒருமுறை கேட்டுவிடுவோம். விரிசல் இதழைத் திருப்பி எழுதி, யாருக்கும் அனுப்புவதற்கு முன் சப்ஜெக்ட் லைனோடு எனக்கு அனுப்பு.