மாப்ளே, மருமகனுக்கு எதைப் போட்டுக் கொடுப்பது?

அன்பு மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று தங்கச்சி போனில் சொன்னாள். சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடுங்கள். சீரியல் மட்டும் பார்க்க விடாதே. கேட்க மாட்டார்கள், இருந்தாலும் சொல்லி வை.

மருமகன் பைத்தான் ப்ரோகிராமிங் படிக்கிறான், எந்த ஐடிஇ (கோடு எழுத, ஓட்ட, பிழை தேட எல்லாம் ஒரே ஜன்னலில் இருக்கும் சாஃப்ட்வேர்) போட்டுக் கொடுக்கலாம் என்று நீ கேட்டு ஏகப்பட்ட நாள் ஆகிவிட்டது. குரூப்பிலேயே பதில் போட்டிருப்பேன். போட்டால் நீ உன் பழைய டெக்ஸ்ட் எடிட்டரைத் தூக்கிக்கொண்டு "விம் இருக்கும்போது வேறெதற்கு" என்று ஆரம்பிப்பாய், நானும் சும்மா இருக்க மாட்டேன், கடைசியில் குரூப் அட்மின் மீசை வந்து ரெண்டு பேரையும் குரூப்பை விட்டுத் தூக்குவான். போன தடவை பட்டது போதும். அதோடு, போன வாரம் எங்கள் லேபில் ஒரு கூத்து நடந்தது. அதைச் சொல்லாமல் உன் கேள்விக்குப் பதில் எழுத மனம் வரவில்லை.

கடைசி வருடப் பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் வைவா. ஒரு பெண், வகுப்பிலேயே நன்றாக எழுதுகிறவள், ஊர்ப் பெயர்களைத் தமிழ் அகரவரிசைப்படி அடுக்கும் ப்ரோகிராம் செய்திருந்தாள். சின்ன வேலை என்று நினைக்காதே. பைத்தானைச் சும்மா அடுக்கச் சொன்னால் அது ஒவ்வொரு எழுத்துக்கும் கம்ப்யூட்டரில் இருக்கும் யூனிகோடு எண்ணைப் பார்த்து அடுக்கும். யூனிகோடில் "ந"வுக்கு அடுத்து "ன" உட்கார்ந்திருக்கிறது, "ர"வை ஒட்டி "ற" நிற்கிறது. நம் அகராதியில் இரண்டும் கடைசியில் அல்லவா வரவேண்டும்? இவள் எழுத்து வரிசையைத் தனி மாட்யூலாக, அதாவது மற்ற ஃபைல்கள் எடுத்துப் பயன்படுத்தும் தனி ஃபைலாக எழுதி "யூட்டில்ஸ்" என்ற ஃபோல்டரில் வைத்து, "ஆப்" என்ற இன்னொரு ஃபோல்டரில் மெயின் ஃபைலையும் ஊர்ப் பட்டியலையும் வைத்திருந்தாள். லேப்டாப்பில் பைசார்ம் என்ற ஐடிஇயைத் திறந்து, ப்ரோகிராமை ஓட்டும் பச்சை முக்கோணத்தை அமுக்கினாள். பட்டியல் அழகாக வந்தது.

வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் நல்ல மனிதர், ஆனால் விவரமானவர். "டெர்மினலில் ஓட்டிக் காட்டும்மா" என்றார். ஐடிஇ இல்லாமல், கட்டளையை நாமே அடித்து ஓட்டும் ஜன்னல் அது. அவள் ஆப் ஃபோல்டருக்குள் போய் ஓட்டினாள். யூட்டில்ஸ் என்று ஒரு மாட்யூலே இல்லை என்று பைத்தான் கைவிரித்துவிட்டது.

காரணம் உனக்குத் தெரிந்திருக்கும். பைசார்ம் ஓட்டும்போது ப்ராஜெக்டின் தலை ஃபோல்டரை யாரையும் கேட்காமல் பைத்தான் பாத்தில் (மாட்யூலைத் தேடும் இடங்களின் பட்டியலில்) சேர்த்துவிடுகிறது. டெர்மினலில் அப்படிச் சேர்க்க ஆளில்லை. நாம் எழுதிய மாட்யூலுக்கு மெயின் ஃபைல் இருக்கும் ஃபோல்டரை மட்டும்தான் பைத்தான் பார்க்கும். எக்ஸாமினரே வழி சொன்னார்: ஒரு ஃபோல்டர் மேலே வா, மைனஸ் எம் போட்டு மாட்யூலாக ஓட்டு. ஓட்டினாள். யூட்டில்ஸ் கிடைத்தது. இப்போது ஊர்ப் பட்டியல் ஃபைலைக் காணோம்! பைசார்மில் ப்ரோகிராம் நிற்கிற இடம் மெயின் ஃபைலின் ஃபோல்டர். டெர்மினலில் நாம் எங்கே நிற்கிறோமோ அதுதான் அதற்கும் இடம். ஒரு பக்கம் சரி செய்தால் மறுபக்கம் அறுந்தது. "நேத்து ராத்திரி வரைக்கும் ஓடுச்சு சார்" என்று என்னைப் பார்க்கிறாள், கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது.

மார்க் நன்றாகத்தான் போட்டார், கவலைப்படாதே. என்னைக் குடைந்தது அடுத்து வந்த பையன். "எந்த வெர்ஷன் பைத்தான்?" என்று கேட்டதற்கு, துளியும் யோசிக்காமல் "2024.3 சார்" என்றான். அது பைசார்மின் வெர்ஷன், மாப்ளே. அவனைப் பொறுத்தவரை பைத்தான் என்பதே அந்த ஜன்னல்தான். எந்த இன்டர்ப்ரெட்டர் (கோடைப் படித்து ஓட்டும் பைத்தான்) ஓடுகிறது, அது எங்கே நின்றுகொண்டு ஓடுகிறது, மாட்யூலை எங்கெல்லாம் தேடுகிறது என்று எதுவுமே அவன் பார்வைக்கு வந்ததில்லை.

நீ சிரிப்பாய். சிரிக்காதே. நாம் மட்டும் என்னவாம்? அந்த நீல ஸ்கிரீன் ஞாபகம் இருக்கிறதா? சி மொழிக்கான டர்போ சி. கன்ட்ரோல் எஃப்9 அடித்தால் ஓடும், ஆல்ட் எஃப்5 அடித்தால் அவுட்புட் தெரியும். அதுவும் ஐடிஇதானே! போர்லண்ட் 1987இல் கொண்டுவந்த சரக்கை நம் ஊர்க் காலேஜ்கள் விண்டோஸே கைவிட்ட பிறகும், பழைய டாஸைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸுக்குள் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தன. நாலு வருடம் அதில் குப்பை கொட்டிவிட்டு நீ ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனாய். லினக்ஸ் மெஷினில் உட்காரவைத்தார்கள். அங்கே செல்லாத டர்போ சி பழக்கத்தில் நீ கோனியோ ஹெடரைப் போட்டு, வாய்ட் மெயின் எழுதி, கிளியர் ஸ்கிரீனும் கெட்சும் அடித்து, எஃப்9ஐத் தேடிய கதையை நீயேதான் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் சொன்னாய். அன்றைக்கு ஏற்பட்ட கோபத்தில்தான் நீ விம் பக்கம் ஓடினாய் என்பது என் ஆராய்ச்சி. மறுக்காதே, மீசையும் அதைத்தான் சொல்கிறான்.

அதற்காக உன் கட்சிக்கு நான் வந்துவிட்டேன் என்று குதிக்காதே. ஐடிஇ இல்லாமல் இன்றைக்கு என்னால் வேலை செய்ய முடியாது. முக்கியமாக டீபக்கர், ப்ரோகிராமை நடுவில் நிறுத்தி உள்ளே பார்க்கும் கருவி. முதல் வருடப் பிள்ளைகளிடம் "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தைக் கேட்கச் சொன்னேன். மூன்று என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள், பைத்தான் 5 என்றது. வகுப்பில் ஒரே சலசலப்பு. லூப்புக்குள் பிரேக்பாயிண்ட் (நிறுத்தும் குறி) வைத்து ஒவ்வொரு அடியாக நகர்த்தினேன். பக்கத்து ஜன்னலில் முதலில் "த" வந்தது, அப்புறம் "ம", அப்புறம் இகரத்தின் மேல்விலங்கு மட்டும் ஒரு புள்ளிவட்டத்தைப் பிடித்துக்கொண்டு தனியாக வந்தது. பிறகு "ழ". கடைசியில் புள்ளி, அதுவும் தனியாக. பின் பெஞ்சில் ஒருவன் "சார், மேல்விலங்கு தனியா வருது சார்!" என்று எழுந்தே விட்டான். பிறகு ஓப்பன் தமிழ் லைப்ரரியைப் போட்டு எழுத்துகளாகப் பிரித்துக் காட்டியதும் மூன்று வந்தது. பிரிண்ட் போட்டாலும் இது தெரியும் என்பாய். தெரியும். ஆனால் எங்கே பிரிண்ட் போடுவது என்று தெரிந்தவனுக்குத்தான் பிரிண்ட். ஆயிரக்கணக்கான ஊர்ப் பெயர் ஓடும் லூப்பில் "மதுரை" வரும்போது மட்டும் நில் என்று நிபந்தனை போட்டு நிறுத்துவதை உன் டெர்மினலில் செய்து காட்டு. பைத்தானோடு வரும் டெர்மினல் டீபக்கரான பிடிபியில் முடியும் என்பாய், அதுவும் தெரியும். பைத்தான் 3.7இலிருந்து பிரேக்பாயிண்ட் என்று ஒரு வரி எழுதினாலே நிற்கும். ஆனால் முதல் வருடப் பிள்ளைக்கு அந்தக் கட்டளைகளைச் சொல்லிக்கொடுத்து முடிப்பதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும்.

இன்னொன்று, அடுத்தவன் கோடைப் படிப்பது. கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு ஒரு பெயரைக் கிளிக் செய்தால் அது எழுதப்பட்ட இடத்துக்கே கொண்டுபோய் விடுகிறதே, அதற்கு ஈடே கிடையாது. எண்ணிக் கணக்கெடுக்கும் கவுண்டர் என்ற பெயரைக் கிளிக் செய்து பைத்தானின் சொந்த லைப்ரரிக்குள்ளேயே பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். அங்கேயும் இதே டெஃப், இதே ஃபார், இதே இஃப் என்று பார்த்ததும் அவர்களுக்கு வந்த தைரியம் எந்தப் பாடப் புத்தகத்திலும் வராது.

சரி, குறையும் சொல்கிறேன், நீ கேட்கத் துடிப்பாய். பைத்தானில் ஒரு வேரியபிளுக்கு இன்ன வகைதான் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. அதனால் ஐடிஇ பாதி நேரம் ஊகித்துத்தான் பேசுகிறது. ஜாவாவில் ஒரு மெத்தடின் பெயரை மாற்றச் சொன்னால் அநேகமாக எங்கே இருந்தாலும் மாற்றிவிடும். இங்கே அதே பெயரை ஸ்ட்ரிங்காக (மேற்கோளுக்குள் வெறும் எழுத்தாக) எழுதி கெட்ஆட்டர் என்ற ஃபங்ஷன் மூலம் கூப்பிட்டிருந்தால், அது அந்த ஸ்ட்ரிங்கை விட்டுவிடலாம், அல்லது சம்பந்தமில்லாத வேறொரு ஸ்ட்ரிங்கையும் சேர்த்து மாற்றிவிடலாம். 2015இல் பைத்தான் 3.5இல் டைப் ஹின்ட் (வகையைக் குறித்து வைக்கும் வசதி) வந்த பிறகு நிலைமை பரவாயில்லை. ஃபங்ஷன் தலைப்பில் இது ஸ்ட்ரிங்குகளின் லிஸ்ட் என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால், புள்ளி வைத்ததும் வேண்டியதெல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது. எழுதாவிட்டால் சந்தேகத்தோடு ஏதோ நாலு பெயரை நீட்டும்.

வேண்டிய லைப்ரரியைத் தானே சேர்க்கும் ஆட்டோ இம்போர்ட் இருக்கிறதே, அதுதான் பெரிய வேடிக்கை. பிள்ளைகள் "கலர்" என்று பாதி அடிப்பார்கள். ஒரு பட்டியல் விழும், பார்க்காமல் என்டர் தட்டுவார்கள். ஃபைலின் தலையில் "டர்ட்டிலிலிருந்து கலரை இம்போர்ட் செய்" என்று ஒரு வரி ஓசையில்லாமல் ஏறிவிடும். டர்ட்டில் என்பது படம் போடுகிற ஆமை, சம்பளக் கணக்கு ப்ரோகிராமுக்குள்! லேப்டாப்பில் ஒன்றும் ஆகாது. லினக்ஸ் சர்வரில் ஏற்றினால், டர்ட்டிலுக்கு ஜன்னல் வரைகிற டிகேயின்டர் வேண்டும், அங்கே அது பெரும்பாலும் இருக்காது, மொத்தமும் படுத்துவிடும். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று சும்மாவா சொன்னார்கள்.

கனத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எங்கள் லேப் மெஷின்களில் 4 ஜிபி ராம். பைசார்ம்காரர்கள் 8 ஜிபி இருந்தால் நல்லது என்கிறார்கள். திறந்ததும் இன்டெக்ஸிங் (ஃபைல்களை எல்லாம் படித்துக் குறித்துக்கொள்வது) என்று ஒரு பட்டை ஓடும், அது முடிவதற்குள் அட்டெண்டன்ஸே எடுத்துவிடலாம். விஎஸ் கோட் என்ற மைக்ரோசாஃப்ட் எடிட்டர் முதலில் லேசாகத்தான் இருக்கும். பிள்ளைகள் எக்ஸ்டென்ஷனாக அள்ளிப் போட்டு அதையும் கனமாக்கிவிடுகிறார்கள். வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டைப் பைசார்மே உருவாக்கித் தருவது நல்ல விஷயம்தான், ப்ராஜெக்டுக்கு ப்ராஜெக்ட் லைப்ரரி கலக்காது. ஆனால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் ஃபோல்டரோடு பென் டிரைவில் காப்பி செய்து கொண்டுவருகிறார்கள். அதற்குள் பழைய மெஷினின் பாத் பதிந்திருக்கும், இன்னொரு மெஷினில் எங்கே ஓடும்? இப்போது ஏஐ புகுந்து, அடுத்த பத்து வரியையும் ஐடிஇயே சாம்பல் நிறத்தில் எழுதிக் காட்டி டேப் தட்டச் சொல்கிறது. அந்த வயிற்றெரிச்சலைத் தனிக் கடிதமாக எழுதுகிறேன்.

இனி மருமகன் விஷயம். முதலில் தானி (Thonny) என்ற ஐடிஇயைப் போட்டுக் கொடு. எஸ்டோனியாவில் டார்ட்டு பல்கலைக்கழகத்தில், புதிதாகப் படிப்பவர்களுக்கென்றே செய்தது. இலவசம், பைத்தானையும் தன்னோடு கொண்டுவந்துவிடும், பழைய லேப்டாப்பிலும் ஓடும். ஒரு கணக்கை எப்படிப் படிப்படியாகச் சுருக்கி விடைக்கு வருகிறது என்று கண்ணெதிரே காட்டும். ப்ளஸ் டூ புத்தகத்தில் பைத்தானோடு வரும் ஐடிலைத்தான் சொல்லியிருக்கிறார்கள், பள்ளிக்கூடத்துக்கு அதுவும் இருக்கட்டும். கூடவே டெர்மினலில் ஓட்ட நீயே கற்றுக்கொடு. உன் வாயில் அது நன்றாக வரும், விம் பிரசாரம் மட்டும் வேண்டாம். ஒரே ப்ரோகிராமை இரண்டு இடத்திலும் ஓட்டி, இப்போது எந்த ஃபோல்டரில் நிற்கிறோம் என்று அவனே பிரிண்ட் போட்டுப் பார்க்கட்டும். இரண்டு மூன்று ஃபைலாகப் பிரித்து எழுதும் அளவுக்கு வந்த பிறகு பைசார்ம் போடு. காசு கட்ட வேண்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். 2025இல் இலவசப் பதிப்பையும் காசுப் பதிப்பையும் ஒன்றாக்கிவிட்டார்கள், அவனுக்கு வேண்டியதெல்லாம் சும்மாவே கிடைக்கும். லேப்டாப் திணறினால் விஎஸ் கோட். புள்ளிவிவரம், கிராஃப் என்று போகிறவனாக இருந்தால் அதற்கென்றே உள்ள ஸ்பைடர் என்ற ஐடிஇயையும் ஒருமுறை காட்டு.

அந்தப் பெண்ணின் ப்ரோகிராமை இப்போது இரண்டு இடத்திலும் ஓடும்படி அவளே மாற்றிவிட்டாள். ஃபைல் எங்கே இருக்கிறது என்பதை நிற்கிற இடத்திலிருந்து பார்க்காமல், மெயின் ஃபைல் இருக்கும் இடத்திலிருந்து கணக்குப் போடுகிறாள். அடுத்த செமஸ்டரில் ப்ராஜெக்ட்டை டெர்மினலில் ஓட்டிக் காட்டினால்தான் கையெழுத்து என்று எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டேன். பிள்ளைகள் முறைக்கிறார்கள். துறைத்தலைவரும் கொஞ்சம் முறைக்கிறார்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாயா இல்லையா என்று சீக்கிரம் சொல். மீசை டிக்கெட் போட வேண்டும் என்று உயிரை எடுக்கிறான். தங்கச்சிக்கும் அம்மாவுக்கும் விசாரித்ததாகச் சொல்.

உன்,
ஒல்லி

பி.கு: மருமகன் எழுதும் ஃபைலுக்கு ராண்டம்.பிஒய் என்று பெயர் வைக்காமல் பார்த்துக்கொள். லாட்டரி விளையாட்டு எழுதுகிற பிள்ளை எல்லாம் முதலில் வைக்கிற பெயர் அதுதான். பைத்தான் தன் சொந்த ராண்டம் லைப்ரரியை விட்டுவிட்டு இவன் ஃபைலையே இம்போர்ட் செய்துகொண்டு, ஏதாவது ஒரு எண்ணை எடுத்துத் தரும் ராண்ட்இன்ட் இல்லை என்று சாதிக்கும். 3.13இலிருந்து பெயரை மாற்று என்று பைத்தானே சொல்லிவிடுகிறது. அதற்கு முந்தையதென்றால் நீதான் சொல்ல வேண்டும்.